ஓடைக்கு முதலில் இடம் விடுங்கள்

கேள்வி: எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு இயற்கை ஓடை இருக்கிறது. அதன் ஓரமாக நடைபாதை அமைக்க நாங்கள் சிலர் சேர்ந்து வரைபடம் போட்டிருக்கிறோம். முழு நீளத்துக்கும் தண்ணீரை ஒட்டியே போனால்தானே அழகு? பொறியாளரான நண்பர் தண்ணீரிலிருந்து தள்ளி அமைக்கச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி. பெருமழையில் தண்ணீர் எதுவரை பரவுகிறதோ, அதுவரை ஓடையின் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஓடைக்குப் போனாலும் நான் முதலில் தேடுவது வெள்ளத்தின் தடயத்தைத்தான். புதர்களில் சிக்கிய சருகும் பிளாஸ்டிக்கும், மரத்தண்டில் காய்ந்த சேறும் தண்ணீர் ஏறிய உயரத்தைக் காட்டிவிடும். பெரிய மழை ஓய்ந்த மறுநாளே போய், அந்த உயரத்தை வரைபடத்தில் குறித்துவிடுங்கள். பாதைக்கான கோடு அப்புறம்.

கரையில் இருக்கும் நாணலையும் புதரையும் மரங்களையும் பலர் காடு மண்டிக் கிடப்பதாக நினைத்து முதல் வேலையாக வெட்டுகிறார்கள். எனக்கு மனம் பதறும். கரை மண்ணைப் பிடித்து வைத்திருப்பது அந்த வேர்கள்தான். மேட்டிலிருந்து மழைநீர் கொண்டுவரும் மண்ணையும் அழுக்கையும் பெருமளவு தடுப்பதும் அந்தச் செடிகள்தான். மரநிழல் தண்ணீரைக் குளிர்ச்சியாக வைக்கிறது. குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும், மீன்களுக்கு அது வேண்டும். இந்தப் பசுமைப் பட்டை ஒவ்வொரு கரையிலும் சுமார் 30 மீட்டர் இருந்தால் நல்லது என்று பரவலாகச் சொல்வார்கள். அவ்வளவு இடம் எல்லாருக்கும் கிடைக்காது. கிடைக்கும் இடத்தில், பட்டையின் வெளி ஓரத்தில் பாதையைக் கொண்டுபோங்கள்.

வளைவுகளில் இன்னும் கவனம் வேண்டும். வளைவின் வெளிப்பக்கம் நீர் வேகமாக மோதி மண்ணை அறுக்கும். உட்பக்கம் வேகம் தணிந்து மணலும் கூழாங்கல்லும் படியும். வெளிப்பக்கக் கரை விளிம்பில் பாதை போட்டால், கரை பின்வாங்கப் பின்வாங்க அதுவும் சரிந்து ஓடைக்குள் விழும். அதைக் காப்பாற்ற ஒரு கான்கிரீட் சுவர் எழுப்புவார்கள். சுவரில் மோதிய வேகம், நீர் போகும் திசையில் அடுத்து இருக்கும் கரையை அறுக்கும். அப்புறம் அதற்கும் ஒரு சுவர் கேட்பார்கள். இப்படித்தான் நல்ல ஓடைகள் கால்வாய்களாகிப் போகின்றன.

ஆனால் தண்ணீரையே காட்டாமல் பாதை போட்டுவிடாதீர்கள். நடக்க வருபவர்கள், முக்கியமாகக் குழந்தைகள், எப்படியும் நீரைத் தேடிப் போவார்கள். நீங்கள் வழி தராவிட்டால் புதரை மிதித்துப் பத்து இடத்தில் அவர்களே வழி போட்டுக்கொள்வார்கள். அதனால் பாறை அல்லது கூழாங்கல் திட்டு இருக்கும் இரண்டு மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்து, பிரதான பாதையிலிருந்து சின்னக் கிளைப்பாதை இறக்குங்கள். இப்போதே ஆட்கள் நடந்து தேய்ந்த ஒற்றையடித் தடம் நல்ல இடத்தில் இறங்கினால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பாதைக்கு எந்தத் தரை நல்லது? என் அம்மா சக்கர நாற்காலியில் வருவார்.

பதில்: ஒரே தரையை முழுக்கப் போட வேண்டியதில்லை. வெள்ளம் ஏறாத மேட்டில், பொடியோடு சேர்ந்த உடைகல்லை நன்றாக இறுக்கினால் போதும். சக்கர நாற்காலியும் போகும். வெள்ளம் அடிக்கடி ஏறும் இடத்தில் அது அரித்துப் போய்விடும், அங்கே கான்கிரீட் தாங்கும். எப்போதும் ஈரமாக இருக்கும் சதுப்பில் மண் கொட்டி மேடாக்காதீர்கள். தூண் ஊன்றி மரப்பலகைப் பாதை அமைத்தால் நீர் அடியில் தன் போக்கில் போகும்.

அம்மாவுக்காக ஏற்றம் 20 மீட்டருக்கு 1 மீட்டரைத் தாண்ட வேண்டாம். பக்கவாட்டுச் சரிவு 2 சதவீதம் போதும், மழைநீர் தேங்காது. சைக்கிளும் வரும் என்றால் அகலம் 3 மீட்டர் வையுங்கள்.

கேள்வி: தென்கொரியத் தலைநகர் சியோலில் இருக்கும் சியோங்கேச்சியோன் ஓடை மாதிரி செய்ய முடியுமா?

பதில்: அங்கே ஓடையை மூடிச் சாலையும் அதன்மேல் பாலமும் கட்டியிருந்தார்கள். அதையெல்லாம் இடித்து 2005-இல் திறந்தார்கள். துணிச்சலான வேலைதான். ஆனால் அதில் ஓடும் நீரில் பெரும்பகுதி பம்பு வைத்துக் கொண்டுவருவது. உங்களிடம் தானாக ஓடும் ஓடையே இருக்கிறது! சிங்கப்பூரின் பிஷான் – ஆங் மோ கியோ பூங்காவைப் பாருங்கள். 2.7 கிலோமீட்டர் நேர் கான்கிரீட் கால்வாயை, சுமார் 3 கிலோமீட்டர் வளைந்து போகும் ஆறாக மாற்றி 2012-இல் திறந்தார்கள். சாதாரண நாளில் மக்கள் நீரருகே புல்வெளியில் உட்காருகிறார்கள். பெருமழையில் அதே புல்வெளி வெள்ளத்தைத் தாங்கிக்கொள்கிறது. நீர்மட்டம் ஏறினால் எச்சரிக்க விளக்கும் ஒலியும் வைத்திருக்கிறார்கள். உங்கள் கிளைப்பாதைகளின் தொடக்கத்திலும், நீர் ஏறும்போது இறங்க வேண்டாம் என்று பலகையாவது வையுங்கள்.

கேள்வி: இரவு நடைக்கு வழிநெடுக விளக்கு போடலாமா?

பதில்: வேண்டாம். ஓடையோரப் பூச்சிகளையும் வௌவால்களையும் வெளிச்சம் குழப்பும். நுழைவாயிலில் மட்டும், தரையைப் பார்த்து ஒளி விழும்படி தாழ்வான விளக்கு போடுங்கள்.