சின்னப் புல்தரைக்கு எந்த மின்சாரப் புல்வெட்டி? வாசகர் கேள்வி-பதில்

சிங்கப்பூரில் தரைவீட்டு வாசலில் கொஞ்சம் புல் வைத்திருப்பவர்களின் கேள்விகளே இம்முறை அதிகம். பாதிப் பேர் எதை வாங்குவது என்று கேட்கிறார்கள். மீதிப் பேர் வாங்கியது மக்கர் செய்கிறது என்கிறார்கள். இரண்டாவது வகையில் பெரும்பாலும் மோட்டார்மேல் குற்றமில்லை. பிளேடு, ஈரம், நீட்டிப்பு வயர் இந்த மூன்றில் ஒன்றுதான்.

சிராங்கூன் கார்டன்சில் டெரஸ் (வரிசை) வீடு. முன்னால் 6 மீட்டருக்கு 4 மீட்டர் புல், அவ்வளவுதான். வயர் வைத்ததா, பேட்டரியா?

24 சதுர மீட்டருக்கு 32 செ.மீ. வெட்டு அகலம் போதும். 24-ஐ 0.32-ஆல் வகுத்தால் 75 மீட்டர் நடை. ஒவ்வொரு வரியும் முந்தைய வரிமேல் சற்று ஏற வேண்டும் என்பதால் 90 மீட்டர் என்று வையுங்கள். திரும்புவது, புல்பெட்டியைக் கொட்டுவது எல்லாம் சேர்த்தாலும் 10, 15 நிமிட வேலை. கடையில் 42 செ.மீ. மிஷினைக் காட்டி "இது சீக்கிரம் முடியும்" என்பார்கள். பூச்சட்டிக்கும் சுவருக்கும் நடுவில் அதைத் திருப்பவே உங்களுக்கு இடம் இருக்காது.

இந்த அளவுக்கு வயர் வைத்ததே என் முதல் தேர்வு. 1,200 முதல் 1,400 வாட் வரை உள்ளதை எடுங்கள். நம் ஊர் 230 வோல்ட்டில் அது இழுப்பது 6 ஆம்பியர் அளவுதான். சாதாரண 13 ஆம்பியர் பிளக்கே தாங்கும். விலை குறைவு, எடை குறைவு, மூன்று நான்கு வருடத்தில் பேட்டரி செத்துப்போகும் கவலையும் இல்லை. ஆனால் கார் நிறுத்துமிடத்தில் வெளிப்புற சாக்கெட் இருக்க வேண்டும். வரவேற்பறை சாக்கெட்டிலிருந்து வயரை இழுத்து, இரும்புக் கதவை அதன்மேல் சாத்தி வைப்பதென்றால் பேட்டரிக்கே போய்விடுங்கள். அழுத்தப்பட்ட வயரின் உறை உள்ளுக்குள் கிழிவது வெளியில் தெரியாது.

வயர் மிஷினில் பழக வேண்டியது ஒன்றுதான்: சாக்கெட்டுக்குப் பக்கத்தில் தொடங்கி, அதைவிட்டு விலகி விலகி வெட்டிப் போங்கள். அப்போது வயர் எப்போதும் வெட்டி முடித்த பக்கம் கிடக்கும், பிளேடு அதைத் தொடாது. நீட்டிப்பு வயர் 1.5 சதுர மி.மீ. குறுக்குவெட்டு, 20 மீட்டர், பாதுகாப்புக் குறி உள்ளதாக இருக்கட்டும். உருளையில் சுற்றியதாக இருந்தால் முழுவதும் அவிழ்த்துவிட்டுத்தான் மிஷினைப் போட வேண்டும். சுற்றிய நிலையில் சூடு வெளியேற வழியில்லாமல் உறை இளகிவிடும்.

பிராண்டைவிட முக்கியமாகக் கடையில் கேட்க வேண்டியது: மாற்று பிளேடு கையிருப்பில் இருக்கிறதா, பாதுகாப்புச் சாவி (பேட்டரி மிஷினில் இதை எடுத்துவிட்டால் ஓடாது) தொலைந்தால் தனியாகக் கிடைக்குமா, பழுது பார்க்குமிடம் சிங்கப்பூரிலேயே இருக்கிறதா? மூன்றுக்கும் "ஆர்டர் போட்டுத் தருகிறோம்" என்று பதில் வந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

உடல்பகுதி பிளாஸ்டிக் என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். இந்தக் காற்றின் ஈரத்துக்கு மெல்லிய தகரத்தைவிடக் கெட்டிப் பிளாஸ்டிக்தான் நீடிக்கும்.

18 வோல்ட், 20 வோல்ட் மேக்ஸ், 36, 40 என்று தலை சுற்றுகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

18 வோல்ட்டும் 20 வோல்ட் மேக்ஸும் ஒன்றுதான். உள்ளே 3.6 வோல்ட் செல்கள் ஐந்து வரிசையாக இருக்கின்றன; வேலை செய்யும்போது 18, முழு சார்ஜில் சற்று நேரம் 20-ஐ ஒட்டி இருக்கும். அதேபோல 36-ம் 40 மேக்ஸும் ஒன்று. பெரிய எண்ணை அட்டைப்பெட்டியில் போடுவது விற்பனைக்காக.

நீங்கள் பார்க்க வேண்டியது வாட்-மணி. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள். 18 வோல்ட், 4 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 72 வாட்-மணி. அகல இலைப் புல்லில் சிறிய மிஷின் 350 வாட் இழுக்கிறது என்று வைத்தால் 72-ஐ 350-ஆல் வகுக்க, 12 நிமிடம். மழைக்குப் பின் அடர்ந்த புல் என்றால் அதிலும் குறையும். 25 சதுர மீட்டருக்கு அது சமாளிக்கும். 50-க்கு மேல் என்றால் இரண்டு 18 வோல்ட் பேட்டரி போடுகிற மாடலோ 36 வோல்ட் மாடலோ வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே பேட்டரி டிரில் இருந்தால் அதே குடும்பத்துப் புல்வெட்டியை பேட்டரி இல்லாமல் வெறும் உடலாக வாங்கலாம், கணிசமாக மிச்சமாகும். ஒரே பிராண்ட் என்பதற்காகப் பொருந்திவிடும் என்று நம்பிவிடாதீர்கள். போஷ் பச்சை நிற வீட்டு வகை 18 வோல்ட் பேட்டரி, அவர்களுடைய நீல நிறத் தொழில்முறைக் கருவியில் ஏறாது. மக்கீட்டாவின் 18 வோல்ட் பேட்டரி, அதன் 40 வோல்ட் வரிசையில் ஏறாது. பழைய பேட்டரியைக் கையோடு கடைக்கு எடுத்துப்போய் மாட்டிப் பார்ப்பதே உத்தமம்.

மோட்டார் பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாதது) ஆக இருந்தால் நல்லது. கார்பன் தேயும் வேலை இல்லை, அதே பேட்டரியில் இன்னும் சற்று நேரம் ஓடும்.

புல் வெட்டும்போது வீடு முழுக்க கரண்ட் போய்விடுகிறது. மிஷின் கோளாறா? புதிதாக வாங்கிவிடலாமா?

வாங்குவதற்கு முன் மின்பெட்டியைத் திறந்து எந்த சுவிட்ச் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். சோதனைப் பொத்தான் உள்ள ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்திருந்தால் மின்கசிவு. மற்ற சிறிய சுவிட்சுகளில் ஒன்று விழுந்திருந்தால் அந்த வரிசையில் சுமை அதிகம், அல்லது வயர் வெட்டுப்பட்டு ஷார்ட் ஆகியிருக்கிறது.

ஆர்சிசிபி என்றால் சந்தேகம் முதலில் நீட்டிப்பு வயர்மேல் போகட்டும். பெரும்பாலான மின்சாரப் புல்வெட்டிகள் இரட்டைக் காப்பு உள்ளவை. அவற்றில் எர்த் வயரே கிடையாது. நீட்டிப்பு வயரில் எர்த் உண்டு. பிளக்கும் சாக்கெட்டும் சேரும் இடம் ஈரப் புல்லில் கிடந்தால், தண்ணீர் வழியாக மின்சாரம் எர்த்துக்குக் கசிகிறது, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி உடனே விழுகிறது. அந்த இணைப்பை ஒரு நாற்காலிமேல் தூக்கி வைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். விழவில்லையா? விஷயம் முடிந்தது. இன்னும் விழுந்தால், மிஷினை மாட்டாமல் நீட்டிப்பு வயரை மட்டும் போட்டுப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் வயரைத் தூக்கிப் போடுங்கள். டேப் சுற்றிய வயரை மறுபடி வெளியில் பயன்படுத்தக் கூடாது. மிஷினை மாட்டினால் மட்டும் விழுகிறது என்றால் பழுது பார்க்குமிடத்துக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.

விழுகிற தொல்லை பொறுக்காமல் ஆர்சிசிபியைக் கழற்றிவிடச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சே வேண்டாம். 1985 ஜூலைக்குப் பிறகு கட்டிய வீடுகளில் அது முதலிலிருந்தே இருக்கிறது. பழைய வீடுகளும் 2025 ஜூலை 1-க்குள் பொருத்தியிருக்க வேண்டும் என்பது எரிசக்திச் சந்தை ஆணையத்தின் விதி. உங்களுடையது பழைய தரைவீடு என்றால், புல்வெட்டி வாங்குவதற்கு முன் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிட்டு இதைச் சரிபாருங்கள்.

அமெரிக்க இணையக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. தருவிக்கலாமா?

வயர் வைத்தது வேண்டவே வேண்டாம். அது 120 வோல்ட் மிஷின். இங்கே செருகினால் அன்றோடு சரி. மின்மாற்றி வைத்து ஓட்டலாம் என்றால் 2,000 வாட்டுக்கு மேல் தாங்குவது தேவை; அந்தக் கனத்தை யார் தூக்குவது? அதன் வழியாக வரும் மின்சாரத்தில் ஆர்சிசிபி எதிர்பார்த்தபடி வேலை செய்யாமலும் போகலாம்.

பேட்டரி மிஷின் ஓடும், ஆனால் சார்ஜர் ஓடாது. சார்ஜர் அடியில் 100-240 வோல்ட் என்று இருந்தால் மட்டும் சரி. ஜப்பானிலிருந்து வருவதில் 100 வோல்ட் மட்டும் என்று இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். அதே வகை சார்ஜர் இங்கே கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம், அதையும் கூட்டிப் பார்த்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது.

வெட்டிய இரண்டாம் நாள் புல்தரை முழுக்க நுனி வெளுத்துப் பழுப்பாகிறது. மிஷினுக்கு சக்தி போதவில்லையா?

ஓர் இலையைப் பறித்து உற்றுப் பாருங்கள். வெட்டு நேர்கோடாக இருந்தால் மிஷினில் குறையில்லை. நுனி நார்நாராகக் கிழிந்து, வெள்ளை இழை தொங்கினால் பிளேடு மொட்டை. கிழிந்த நுனிதான் காய்ந்து பழுப்பாகிறது. இங்கே புல் வருடம் முழுக்க வளர்வதால் பிளேடுக்கும் ஓய்வில்லை; இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். நடைபாதைக் கல்லோரம் வெட்டுகிறவர்கள் இன்னும் அடிக்கடி.

தீட்டுவது அரை மணி நேர வேலை. பிளக்கை எடுங்கள், பேட்டரி மிஷின் என்றால் பேட்டரியையும் சாவியையும் எடுத்துத் தள்ளி வையுங்கள். மிஷினைச் சாய்த்து, பிளேடை அப்படியே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், எந்தப் பக்கம் கீழே என்பது பிறகு உதவும். தடித்த கையுறை போட்டு, பிளேடு சுழலாதபடி ஒரு மரத்துண்டை இடுக்கி, நடு போல்ட்டைக் கழற்றுங்கள். பிளேடை மேசை இடுக்கியில் (வைஸ்) பிடித்து, தட்டை அரத்தால் ஏற்கெனவே உள்ள சரிவை ஒட்டியே, ஏறக்குறைய 30 பாகையில், ஒரே திசையில் தள்ளுங்கள். சரிவு இருக்கும் பக்கம் மட்டும்தான். மறுபக்கத்தில் கை வைக்காதீர்கள், பிசிர் இருந்தால் லேசாக ஒரு தடவு தடவினால் போதும். சவரக் கத்தி போலக் கூர் வேண்டாம், முதல் கல்லிலேயே மடங்கிவிடும். வெண்ணெய்க் கத்தி அளவுக்கு இருந்தால் போதும்.

பிறகு நடு ஓட்டையை ஓர் ஆணியில் மாட்டித் தொங்கவிடுங்கள். ஒரு பக்கம் இறங்கினால் அந்தப் பக்கம் கனம். அங்கே இன்னும் கொஞ்சம் அரம் போடுங்கள். இந்தப் படியை விடுகிறவர்களின் மிஷின்தான் கை நடுங்க ஓடிக் கடைசியில் பேரிங்கைத் தின்றுவிடுகிறது. திரும்ப மாட்டும்போது முனையில் வளைந்த சிறகு மிஷினின் உட்பக்கம் பார்த்திருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் மோட்டார் நன்றாகச் சுற்றும், புல் மட்டும் வெட்டுப்படாது.

சிறகு மெலிந்திருந்தாலோ விரிசல் கண்டாலோ தீட்டாதீர்கள், புதிது வாங்குங்கள்.

புல்பெட்டி நிறைவதே இல்லை, புல் எல்லாம் கீழேயே கொட்டுகிறது. பாதியில் மோட்டாரும் நின்றுவிடுகிறது.

ஈரப் புல். காலையில் பனியோடு, அல்லது மழை விட்ட ஒரு மணி நேரத்தில் வெட்டுகிறீர்கள் போலிருக்கிறது. ஈரப் புல் உருண்டையாகி வெளியேறும் வாயை அடைக்கிறது, காற்றோட்டம் போகிறது, மோட்டார் சூடேறிப் பாதுகாப்புக்காகத் தானே நிற்கிறது. வெயில் அடித்த மாலை 4, 5 மணி நல்ல நேரம். டிசம்பர், ஜனவரியில் அந்த வெயிலுக்கே காத்திருக்க வேண்டியிருக்கும். அதற்குள் புல் ஓங்கிவிட்டால் முதலில் உயர்ந்த அளவில் ஒருமுறை, மூன்று நாள் கழித்து இறக்கி ஒருமுறை. ஒரே வெட்டில் இலை உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் அடிப்பாகத்தை மரக்கரண்டியாலோ பிளாஸ்டிக் பட்டையாலோ சுரண்டுங்கள். ரப்பர் குழாயால் தண்ணீர் அடிக்கக் கூடாது. மிஷின் வந்த அட்டைப்பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருக்கலாம். அது தெறிக்கும் நீருக்குத்தான், பீச்சும் நீருக்கு அல்ல. வெட்டிய புல்லைச் சாக்கடையில் தள்ளாதீர்கள். புல்பெட்டியையும் மழையில் மல்லாத்தி வைக்காதீர்கள்; தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரி கொசுப்புழு தேடி வரும்போது அதையும்தான் பார்ப்பார்.

கௌ கிராஸுக்கும் பிலிப்பைன் கிராஸுக்கும் ஒரே மிஷின் போதுமா?

போதும், உயரத்தை மாற்றுங்கள். அகல இலைக் கௌ கிராஸ் 4 முதல் 5 செ.மீ.; அதற்குக் கீழே போனால் மண் தெரியும், களை ஏறும். மெல்லிய இலைப் பிலிப்பைன் கிராஸ் 3 செ.மீ. வரை தாங்கும். உங்களிடம் இருப்பது பிலிப்பைன் கிராஸ் மட்டும், அதுவும் 15 சதுர மீட்டர்தான் என்றால் கையால் தள்ளும் உருளைப் புல்வெட்டியே இன்னும் சுத்தமாக வெட்டும். கரண்டும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். கௌ கிராஸில் அது படுத்தும்; உயர்ந்து நிற்கும் பூத்தண்டு அதில் சிக்காமல் மடங்கிப் போய், பின்னாலேயே நிமிர்ந்துகொள்ளும்.

ரோபோ?

30 சதுர மீட்டருக்கு வேண்டாம். ரோபோ தாண்டாதபடி சுற்றிலும் எல்லை வயர் பதிக்கும் நேரத்தில் ஒரு வருடத்துப் புல்லை வெட்டிவிடலாம்.

வெட்டுவது எங்கள் பணிப்பெண்தான். எதைக் கவனிக்க வேண்டும்?

பொத்தானை அழுத்தி, பிடியையும் இழுத்தால்தான் ஓடும் வகையை வாங்குங்கள்; பிடியை விட்டதும் பிளேடு சில விநாடியில் நிற்க வேண்டும், கடையிலேயே சோதியுங்கள். பிடியை ரப்பர் வளையத்தால் கட்டி வைக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு, அது கூடவே கூடாது. செருப்போடு இல்லை, மூடிய காலணியோடு. புல் வெளியேறும் வாய் அடைத்தால் பிளக்கையோ சாவியையோ எடுத்த பிறகே உள்ளே கை போக வேண்டும் என்பதை அவருக்குப் புரியும் மொழியில் எழுதி மிஷின்மேலேயே ஒட்டுங்கள். வெட்டுவதற்கு முன் புல்லில் கிடக்கும் கூழாங்கல், துணிக் கிளிப், பிள்ளைகளின் பொம்மை எல்லாவற்றையும் பொறுக்க அவருக்கு நேரம் கொடுங்கள்.

பேட்டரியை எங்கே வைப்பது? செத்துப்போனால் குப்பையில் போடலாமா?

வெயில் படும் கார் நிறுத்துமிடத்துச் சேமிப்புப் பெட்டியில் வைக்காதீர்கள். லித்தியம் பேட்டரிக்குச் சூடுதான் எமன். வீட்டுக்குள், நிழலான அலமாரியில் வையுங்கள். வெட்டி முடித்த கையோடு சார்ஜ் போடாமல் அரை மணி ஆறவிடுங்கள். ஒரு மாதம் ஊருக்குப் போவதாக இருந்தால் பாதி சார்ஜில் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் போட வேண்டாம். குப்பைக் குழாயிலும் நீல மறுசுழற்சித் தொட்டியிலும் போடவே கூடாது, நசுங்கினால் தீப்பிடிக்கும். நல்ல நிலையில் ஆயுள் முடிந்தது என்றால் உலோக முனைகளில் டேப் ஒட்டி, பேட்டரி ஏற்கும் மின்கழிவுத் தொட்டிக்குக் கொண்டுபோங்கள். எல்லா மின்கழிவுத் தொட்டியும் பேட்டரி ஏற்பதில்லை, மேலே ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.