இங்கிலாந்தின் தென்கடற்கரை ஊரான பிரைட்டனில் ராயல் பெவிலியன் அரண்மனையைத் தவிர பார்க்கும்படியான கட்டடங்கள் உண்டா?

நிறைய உண்டு. ஆனாலும் பெவிலியனைப் பார்த்துவிட்டு மற்றதற்குப் போவதுதான் நல்லது. வெளியே ஒன்று, உள்ளே வேறொன்று என்பது இந்த ஊர்க் கட்டடங்களின் குணம். அது பெவிலியனில்தான் பளிச்சென்று தெரியும்.

1787இல் ஹென்றி ஹாலண்ட் அங்கே கட்டியது அடக்கமான ஒரு கடற்கரை மாளிகை. கட்டச் சொன்ன இளவரசர், பிற்பாடு மன்னர் நான்காம் ஜார்ஜ் ஆனவர். 1815இல் வேலையை எடுத்துக்கொண்ட ஜான் நாஷ் பழைய வீட்டை இடிக்கவில்லை. அதன் மேலேயே வார்ப்பிரும்புச் சட்டங்களை நிறுத்தி, இந்தியப் பாணியில் குவிமாடங்களையும் மினார்களையும் ஏற்றிவிட்டார். இந்தியாவைக் கண்ணால் கூடப் பார்க்காதவர் அவர். உள்ளே போனால் இந்தியாவும் இல்லை, எல்லாம் சீன அலங்காரம்! விருந்து மண்டபச் சரவிளக்கைக் காலில் பிடித்துக்கொண்டு ஒரு டிராகன் தொங்கும். எனக்கு அதைவிடச் சமையலறைதான் பிடிக்கும். கூரையைத் தாங்கும் இரும்புத் தூண்களுக்குச் செம்புத் தகட்டில் ஓலை செய்து மாட்டி, மரமாகவே ஆக்கியிருக்கிறார்கள்.

முதல் உலகப் போரில், 1914 முதல் 1916 வரை, காயமடைந்த இந்திய வீரர்களுக்கு இதுதான் மருத்துவமனை. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் குடிநீர்க் குழாய் கூடத் தனித்தனி. இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேரை ஊருக்கு வெளியே குன்றின் மேல் தகனம் செய்தார்கள். அங்கே 1921இல் திறந்த வெள்ளைப் பளிங்கு மண்டபம்தான் சத்ரி. நடந்துதான் ஏற வேண்டும், நேரம் ஒதுக்கிப் போங்கள்.

சரி, கடற்கரை வீடுகளுக்கு வருவோம். மேற்கே ஒட்டியிருக்கும் ஹோவ் ஊரில் பிரன்ஸ்விக் சதுக்கம், கிழக்கே கெம்ப் டவுனில் லூயிஸ் கிரசன்ட், இரண்டுமே 1820களில் எழுந்தவை. சார்லஸ் பஸ்பி, தந்தையும் மகனுமான இரண்டு ஏமன் வைல்ட்ஸ்கள் என்று இந்தக் கடற்கரை வீட்டுப் பாணியை ஊரெங்கும் பரப்பியவர்கள் ஒரு சிலர்தான். சில வீடுகளின் தூண் உச்சியில் சுருண்ட சங்கு மாதிரி அம்மோனைட் (பழங்காலக் கடலுயிரின் புதைபடிவம்) வடிவம் தெரியும். ஏமன் என்ற பெயரை அப்படிக் கல்லில் விளையாடியிருக்கிறார்கள்.

பிரன்ஸ்விக் சதுக்கத்து முகப்புகளுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒரே நிறத்தில் வண்ணம் அடிக்க வேண்டும், சட்டமே இருக்கிறது. அந்த வெண்ணெய் நிறப் பூச்சைப் பார்த்து உள்ளே கருங்கல் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பல வீடுகளில் இருப்பது பங்கருஷ். பலகை அடைத்து, சிக்கிமுக்கிக் கல், உடைந்த செங்கல், கூழாங்கல், மரத்துண்டு என்று கையில் கிடைத்ததையெல்லாம் சுண்ணாம்புக் கலவையோடு கொட்டி எழுப்பிய சுவர். ஒரு ஹோஸ் பைப்பைச் சரியாகப் பிடித்தால் பிரைட்டனில் மூன்றில் ஒரு பங்கைக் கரைத்துவிடலாம் என்று இங்கே கேலி செய்வார்கள்.

அந்தக் கேலியில் எனக்கும் பங்கு உண்டு, இப்படி ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில்தான் வாடகைக்கு இருக்கிறேன். இந்தச் சுவர் மூச்சுவிட வேண்டும், அதற்குச் சுண்ணாம்புப் பூச்சுதான் சரி. வீட்டுச் சொந்தக்காரர் சிமெண்ட் பூசிவிட்டார். ஈரம் வெளியேற வழியில்லாமல் என் அலமாரிப் பக்கம் வருகிறது. சொன்னால், “ஜன்னலைத் திறந்து வையுங்கள்” என்கிறார்.

கெம்ப் டவுன் போகும் வழியில் ராயல் கிரசன்ட்டையும் பாருங்கள். கறுப்பாகப் பளபளக்கும் செங்கல் சுவர் போலத் தெரியும். அது செங்கலே இல்லை, மரச்சட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிய ஓடு! அதே பக்கம் பேஸ்டன் பிளேஸில் ஒரு சின்னக் குவிமாடம் இருக்கிறது. பம்பாய் வணிகர் ஆல்பர்ட் சசூன் தன் குடும்பத்துக்காக 1892இல் கட்டிய கல்லறை மண்டபம். 1950களில் அதை மதுக்கடையோடு சேர்த்துவிட்டார்கள்.

வெளியே ஒன்று, உள்ளே வேறொன்று என்பதற்கு ஒரே விதிவிலக்கு எம்பசி கோர்ட் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு. 1935இல் வெல்ஸ் கோட்ஸ் கட்டிய 11 மாடிக் கான்கிரீட். பக்கத்து வீடுகளோடு துளியும் ஒட்டாது, பலருக்கு இன்னும் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். பூச்சு வேலை காட்டாமல் நிற்கிறதே!

ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் சத்ரியை விட்டுவிட்டு, ஹோவிலிருந்து கிழக்கே கடலோரமாக நடங்கள். நடுவில் பின்சந்துகளுக்குள்ளும் நுழையுங்கள். மதிலில் பூச்சு உதிர்ந்த இடத்தில் பங்கருஷ் நன்றாகத் தெரியும், டிக்கெட்டும் கிடையாது.