தூக்கத்தில் பல்லைக் கடிப்பதற்கு நைட் கார்டு போதுமா, மின்துடிப்புக் கருவி வாங்க வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு. பல் டாக்டர் சொல்லும் நைட் கார்டு, அதாவது ராத்திரி பல்லில் மாட்டிக்கொள்ளும் உறை, பல் கடிப்பதை நிறுத்துமா? நெற்றிப்பொட்டில் ஒட்டிக்கொள்ளும் மின்துடிப்புக் கருவி அதைவிட நல்லதா?

காரைக்குடியில் இருக்கிறேன். சில வருடங்களாக நைட் கார்டு போட்டுத்தான் தூங்குகிறேன். கார்டு பல்லைக் காப்பாற்றும், கடிப்பதை நிறுத்தாது. கருவி கடிப்பதைக் குறைக்கும், ஆனால் ஒட்டியிருக்கிற வரைக்கும்தான். இந்த இரண்டையும் யோசிப்பதற்கு முன்னால், ராத்திரி குறட்டை விடுகிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எனக்கு இது இருப்பதே ஒரு கல்யாண வீட்டில்தான் தெரிந்தது. வளவில் பாய் விரித்து வரிசையாகப் படுத்திருந்தோம். ஆட்டுக்கல் உரசுவது போலச் சத்தம் கேட்டு, பக்கத்தில் படுத்திருந்த அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். "வயித்துல பூச்சி இருக்கு, வேப்பங்கொழுந்தை அரைச்சுக் குடு" என்றார்கள் அப்பத்தா. காலையில் தாடை இறுகிக் கிடப்பதும், நெற்றிப்பொட்டு வலிப்பதும், சீப்புச்சீடையைப் பல்லில் வைக்கவே பயப்படுவதும் எதனால் என்று அப்போதுதான் புரிந்தது.

பூச்சிமருந்து இதற்கு வைத்தியம் இல்லை. தூக்கத்துக்கு நடுவே மூளை சில நொடிகள் லேசாக விழிக்கும், இதயத்துடிப்பு கூடும், அதைத் தொடர்ந்து தாடைத் தசைகள் விட்டுவிட்டு இறுகும். பெரும்பாலும் ஆழமில்லாத தூக்கத்தில் நடப்பது, நமக்குத் தெரியாது. மனஅழுத்தம், சிகரெட், மது, அதிகமான காபி எல்லாம் இதைக் கூட்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூயோக்ஸெட்டின், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளாலும் வரலாம். அப்படியென்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள்.

இனி கார்டு. அளவெடுத்துச் செய்த கெட்டியான அக்ரிலிக் கார்டு, ஒரு தாடையின் எல்லாப் பல்லையும் மூடுவதாக இருக்க வேண்டும். அதைப் போட்டுப் பார்க்கும் நாளில் அவசரப்பட்டுக் கிளம்பிவிடாதீர்கள். டாக்டர் கலர்த் தாளை நடுவில் வைத்துக் கடிக்கச் சொல்வார். புள்ளி அழுத்தமாக விழுந்த இடத்தை மட்டும் ராவுவார், மறுபடி கடிக்கச் சொல்வார். இரண்டு பக்கமும் புள்ளிகள் சமமாக விழும் வரை இது நடக்க வேண்டும். இந்த வேலைதான் கார்டின் உயிர். வெந்நீரில் போட்டு நாமே கடித்து உருவாக்கும் மெத்தென்ற கார்டு விலை குறைவுதான். ஆனால் சிலருக்கு அது இன்னும் அழுத்திக் கடிக்க வைக்கிறது. முன்பல்லை மட்டும் மூடுவதையும் நீண்ட நாள் போட்டால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் விதமே மாறிப்போகலாம்.

கார்டு போட்ட முதல் சில வாரங்களில் தசை இறுக்கம் குறையலாம், அப்புறம் பழைய நிலைக்கே வந்துவிடுவது வழக்கம். என் கார்டை வெளிச்சத்தில் பிடித்தால் கடைவாய்ப் பக்கம் பளபளவென்று பள்ளம் தெரிகிறது. அது என் எனாமலில் விழுந்திருக்க வேண்டிய பள்ளம். அதற்காகவே ஒரு நாளும் விடாமல் போடுகிறேன். பச்சைத்தண்ணீரில் மட்டும் கழுவுங்கள். வெந்நீர் பட்டாலோ, நம் ஊர் வெயிலில் காருக்குள் விட்டாலோ வளைந்துவிடும்.

மின்துடிப்புக் கருவிக்கு வருகிறேன். 1970களில் பல்லைக் கடித்தால் மணி அடிக்கும் கருவிகளைச் செய்து பார்த்தார்கள். அது ஆளையே எழுப்பித் தூக்கத்தைக் கெடுத்தது. பிறகு வந்ததுதான் டென்மார்க்கின் கிரைண்ட்கேர் போன்றவை. நெற்றிப்பொட்டுத் தசை இறுகுவதை உணர்ந்து, வலிக்காத அளவுக்கு ஒரு மெல்லிய துடிப்பைக் கொடுக்கும். அனிச்சையாகத் தாடை தளரும், தூக்கம் பெரும்பாலும் கலையாது. மணிக்கு எத்தனை முறை தசை இறுகுகிறது என்பது குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன, நிறுத்தினால் திரும்பிவிடுகிறது. வலி குறைவதற்கான ஆதாரம் அவ்வளவு வலுவாக இல்லை. ஏற்கெனவே தேய்ந்த பல்லுக்கு அது காப்பும் இல்லை. அதனால் முதல் செலவு கார்டுக்கு என்பதே என் கருத்து. பேஸ்மேக்கர் இருப்பவர்கள் இதய டாக்டரைக் கேட்காமல் மின்துடிப்புக் கருவியைத் தொடவே கூடாது.

குறட்டை விஷயம். பலத்த குறட்டை, நடுவே மூச்சு நின்று திணறுவது, பகலில் கண் சொக்குவது இருந்தால் தூக்க மூச்சுத்திணறல் இருக்கலாம். மேல்பல் கார்டு சிலருக்கு அந்தத் திணறலைக் கூட்டிவிடும். அவர்களுக்கு முதலில் தேவை தூக்கப் பரிசோதனை. அதில் உறுதியானால், கீழ்த்தாடையைச் சற்று முன்னால் நிறுத்தும் வேறு வகைக் கருவி மூச்சுக்கும் பல்லுக்கும் சேர்த்து உதவலாம்.

காலையில் கார்டைக் கழற்றியதும் பல் சேரும் விதம் கொஞ்ச நேரம் புதிதாக இருப்பது சகஜம். பகல் முழுக்க அப்படியே இருந்தாலோ, வாய் முழுதாகத் திறக்க வரவில்லை என்றாலோ, கார்டையும் கையோடு எடுத்துக்கொண்டு அதைச் செய்த டாக்டரிடம் போங்கள்.