தம்பியின் தொழிலுக்கு அக்கா பெயரில் மூன்றாவது கடனா?

கேள்வி: எனக்கு வயது 43. தென்னாப்பிரிக்கா, டர்பன், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். மருத்துவமனை அலுவலகத்தில் மாதம் 27,000 ராண்ட் சம்பளம், பிடித்தம் போகக் கைக்கு வருவது 20,500. வீட்டு பாண்ட், அதாவது வீட்டுக் கடன் தவணை, 7,400 (10.5 சதவீதம், இன்னும் 20 வருடம்). போன வருடம் கொல்லையில் பிள்ளைகள் பிக்கிள்பால் (மட்டையால் வலைக்கு மேல் பந்தடிக்கும் ஆட்டம்) ஆட 16-க்கு 8 மீட்டரில் கான்கிரீட் தளம் போட்டோம். சுற்றிலும் மண். மழை பெய்தால் சேறெல்லாம் தளத்துக்கு வந்துவிடுகிறது. என் தம்பி செயற்கைப் புல் பதிக்கும் தொழில் தொடங்கியிருக்கிறான். சுற்றி 2 மீட்டர் அகலத்துக்குப் புல் போட 70,000 ராண்ட், முழுப் பணமும் முன்னாலேயே வேண்டும் என்கிறான். ஐந்து வருடம், 24 சதவீத பெர்சனல் லோன் படிவமும் கொண்டுவந்துவிட்டான். தவணையில் பாதி தான் கட்டுவதாகச் சொல்கிறான். தளத்தை மணிக்கு 100 ராண்டுக்கு வாடகைக்கு விடலாமாம். அவன் கல்யாணச் செலவுக்கும் பக்கி (பிக்கப் வண்டி) ரிப்பேருக்கும் என் பெயரில் எடுத்த கடன்கள் இன்னும் ஓடுகின்றன: மாதம் 1,850, 1,240. இரண்டாவதில் 9,000 பாக்கி. முதலில் சில மாதம் அவன் கட்டினான், இப்போது நான்தான் கட்டுகிறேன். அம்மா கடைசியில் அவனை என் கையில்தான் ஒப்படைத்தார். வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. ராத்திரி தூக்கம் இல்லை.

பதில்: சகோதரி, பெர்சனல் லோனில் வட்டி அதிகம் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு லோன் கட்டிக்கொண்டிருப்பவருக்கு அதைப் பாடமாக நடத்த வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது வேறு. தம்பிக்குப் பணம் தேவைப்படும்போதெல்லாம் உங்கள் பெயரில் ஒரு கடன் பிறக்கிறது. இது மூன்றாவது. கொல்லையில் சேறு இருப்பது உண்மைதான், ஆனால் இந்த 70,000 அந்தச் சேற்றுக்காகக் கேட்கப்படும் பணம் அல்ல. ஒரு வேலைக்கான பணம் முழுவதையும் முன்னாலேயே கேட்பவர் பெரும்பாலும் சரக்கு வாங்க முதல் தேடுகிறார். தம்பி தொழிலுக்கு முதல் தேடுகிறார், வட்டியை நீங்கள் கட்டப் போகிறீர்கள்.

கணக்கைத் தோராயமாகப் பார்ப்போம். 70,000, 24 சதவீதம், 60 மாதம்: தவணை 2,014. மாதாந்தரச் சேவைக் கட்டணம் வாட் சேர்த்து 69. ஆக 2,083, ஐந்து வருடத்தில் ஏறக்குறைய 1,25,000 ராண்ட். கடன் காப்பீடு இதற்கு மேல். பிணை இல்லாக் கடனுக்கு ரிப்போ விகிதத்துக்கு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி) மேல் 21 புள்ளி வரை வட்டி வாங்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, அதனால் 24 என்பது ஊரில் நடக்காத வட்டி இல்லை. பழைய இரண்டு தவணை 3,090. இதையும் சேர்த்தால் 5,173. கைக்கு வரும் பணத்தில் நான்கில் ஒரு பங்கு தம்பியின் காரியங்களுக்கே போகும். பாண்டும் போனால் மிச்சம் 7,900 சொச்சம். சாப்பாடு, கரண்ட், பெட்ரோல், பிள்ளைகளின் பள்ளி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பாதித் தவணை அவர் கட்டுவார் என்பதைக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். முன்னிரண்டில் என்ன ஆனது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பெர்சனல் லோன் வேண்டாம் என்றதும் இன்னும் இரண்டு வழி சொல்வார்கள், அதையும் இப்போதே பார்த்துவிடுவோம். ஒன்று, பாண்டை உயர்த்துவது. தவணை மாதம் 700 ராண்ட்தான் கூடும் என்று இனிப்பாகச் சொல்வார்கள். 20 வருடத்துக்கு நீட்டினால் அதே 70,000-க்கு மொத்தம் 1,68,000 கட்டியிருப்பீர்கள். வட்டி விகிதம் பாதியைவிடக் குறைவு, ஆனால் கட்டும் தொகை பெர்சனல் லோனைவிட அதிகம். புல்லோ நம் ஊர் வெயிலில் அந்த 20 வருடத்துக்குத் தாங்காது.

இன்னொன்று, 2024 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த டூ-பாட் ஓய்வூதிய முறையில், ஓய்வுக்கு முன்பே எடுக்க விடும் சேமிப்புப் பகுதியை எடுப்பது. இதைப் போனஸ் வந்ததுபோல் எடுத்துச் செலவழிப்பது இப்போது எல்லா வீட்டிலும் பேச்சாகிவிட்டது. உங்கள் சம்பளத்துக்கு அதில் 26 சதவீத வரி விழும். 28,000 எடுத்தால் 7,280 வரிக்குப் போய் 20,720 கைக்கு வரும். எடுக்காமல் விட்டால், ஆண்டுக்கு 9 சதவீதம் வளர்ந்தால்கூட, 20 வருடத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் நிற்கும். கை வைக்காதீர்கள்.

வாடகை யோசனையை நீட்டிப் பேச வேண்டாம். தவணைக்கு ஈடாக மாதம் 21 மணி நேரம் யாராவது பணம் கொடுத்து ஆட வேண்டும். வீட்டு மனையில் காசு வாங்கி ஆட்டம் நடத்த டர்பனின் ஈதெக்வினி நகராட்சியின் அனுமதி பற்றி விசாரிக்க வேண்டும், விழுந்து கால் முறிந்தால் பொறுப்பு உங்களுக்கு. பேடல் (டென்னிஸ் போன்ற ஆட்டம்) மைதானங்கள் பணம் பார்க்கின்றன என்பதை வைத்து இந்த ஆசை கிளம்பியிருக்கிறது. அது கண்ணாடிச் சுவரும் விளக்கும் போட்டு நடக்கும் தனி வியாபாரம்.

இனி அந்தக் கொட்டேஷன். 2 மீட்டர் அகலம் சுற்றி வந்தால் 112 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு 620-க்கு மேல் கேட்கிறார். அவ்வளவு அகலம் எதற்கு? பிக்கிள்பால் கோடுகள் 13.4-க்கு 6.1 மீட்டர். ஓடி எடுக்கும் இடமும் சேர்த்துக் குறைந்தது 18.3-க்கு 9.1 என்பார்கள். உங்கள் தளத்தைச் சுற்றி 66 சென்டிமீட்டர் போட்டாலே 17.3-க்கு 9.3 ஆகிவிடும். வீட்டுப் பிள்ளைகள் ஆட அது தாராளம். 66 என்று நான் சொல்லக் காரணம் உண்டு: 2 மீட்டர் அகல ரோலை நீளவாக்கில் மூன்றாகக் கிழித்தால் துண்டு வீணாகாது. 34 சதுர மீட்டர், சுமார் 21,000 ராண்ட். அதற்கு அப்பால் வெயில் படும் இடத்தில் கிகூயு, நிழலில் எல்எம் புல் நட்டுவிடுங்கள். சேறு நிற்கும், செலவும் சொற்பம்.

கொட்டேஷனில் அடித்தளத்தைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். மண்ணைத் தோண்டி, ஜல்லிப் பொடி கொட்டி இறுக்கி, தண்ணீர் வெளியேற வாட்டம் வைக்க வேண்டும். கான்கிரீட்டில் விழும் மழை முழுக்க இந்தப் புல் ஓரத்துக்குத்தான் வரும். 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்த சாட்ஸ்வர்த் சரிவில் இருப்பவருக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை. புல்லின் விளிம்பு தளத்தோடு மட்டமாக இருக்கட்டும், ஒரு விரல் தூக்கினாலும் பின்னால் ஓடும் பிள்ளையின் குதிகால் தட்டும். புல்லுக்குள் தூவும் மணல் தளத்தில் சிதறினால் வழுக்கும், ஆடும் முன் பெருக்க வேண்டும்.

பணம் எங்கிருந்து என்றால், புதுத் தவணைக்கென்று நீங்கள் ஒதுக்க நினைத்த அதே 2,083-லிருந்துதான். அதை 1,240-ஓடு சேர்த்து மாதம் 3,323 கட்டினால் பக்கிக் கடன் மூன்று மாதத்தில் தீரும். இந்த அளவுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது, தேசியக் கடன் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. பிறகு அதே 3,323-ஐ ஆறேழு மாதம் சேர்த்தால் புல்லுக்கான பணம் கையில். பத்து மாதம் பிள்ளைகள் ஆடும் முன் தளத்தைக் கழுவட்டும், ஒன்றும் குறைந்துவிடாது. அந்த வேலையைத் தம்பியிடமே கொடுங்கள், மறுக்கவில்லை. ஆனால் வேறு இருவரிடமும் விலை கேளுங்கள். முன்பணம் மூன்றில் ஒரு பங்கு, அடித்தளத்தை நீங்கள் கண்ணால் பார்த்த பின் ஒரு பங்கு, வேலை முடிந்ததும் மிச்சம். மற்ற வாடிக்கையாளரிடமும் இப்படி முன்பணம் வாங்கி, வேலைக்கு வேலை ரோல் எடுத்தால் அவருக்குக் கடன் சரக்கே தேவைப்படாது. ஒரு தொழிலாளிக்கு அக்கா செய்யக்கூடிய நல்ல உதவி அது.

அம்மா ஒப்படைத்ததை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தம்பி பசித்து வந்தால் சோறு போடுங்கள், முடிந்த மாதம் ஐந்நூறு கையில் கொடுங்கள், திரும்பக் கேட்காதீர்கள். கையெழுத்து மட்டும் வேண்டாம். கல்யாணமாகிக் குடும்பமாகிவிட்ட ஆளைக் கவனிப்பதற்கும் அவர் கடனைச் சுமப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

வீட்டுக்காரரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், பழைய இரண்டையும் சேர்த்து. நீங்கள் பதிவுத் திருமணம் செய்து, அதற்கு முன் தனி ஒப்பந்தம் எழுதாதிருந்தால், இந்த நாட்டுச் சட்டப்படி சொத்தும் கடனும் இருவருக்கும் பொது. இப்படி ஒரு லோன் எடுக்க அவருடைய எழுத்துச் சம்மதமும் வேண்டும். தம்பி படிவத்தைக் கேட்டு வரும்போது இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, “எங்கள் பெயரில் இனிக் கடன் இல்லை, வேலை வேண்டுமானால் 34 சதுர மீட்டருக்கு விலை எழுதிக் கொண்டு வா” என்று சொல்லிப் படிவத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள்.