எந்தத் துறையை முதலில் மூடுவீர்கள்?

கேள்வி: ஒரு பல்கலைக்கழகத்தின் ஆண்டு ஆய்வறிக்கையைப் புரட்டினேன். புற்றுநோய், மின்கலம் என்று தொடங்கி பழைய கையெழுத்துப் படிகள், பூச்சியின் சிறகு, இடைக்காலக் கூலிக் கணக்குகள், எண் கோட்பாடு வரை போகிறது. பொதுப்பணம் போதாத காலத்தில் பயனுள்ள நாலைந்து துறைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடினால் என்ன? எல்லாவற்றிலும் கால் வைத்தால் எதிலும் ஆழம் இருக்காதே? – ஒரு வாசகர்

பதில்: மூடக் கூடாது. பண்பாடு, பாரம்பரியம் என்று ஆரம்பித்து உங்களை மடக்கப் போவதில்லை. அவற்றுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் நீங்கள் கையில் எடுத்திருக்கும் அளவுகோல் பயன். அதையே நானும் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் யோசனை தோற்பது அந்த அளவுகோலில்தான்.

ஒரே ஒரு ஆராய்ச்சியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடலோரத்துச் சதுப்பு நிலங்களில் சீடர் மரங்கள் கூட்டம் கூட்டமாகப் பட்டுப்போய் நிற்கின்றன. 1980களில் பிரையன் அட்வாட்டர் என்ற நிலவியலாளர் அந்தச் சேற்றைத் தோண்டி ஆராய்ந்தார். பசும்புல் வளர்ந்த மண்ணின் மேல் நேராகக் கடல் மணல் படிந்திருந்தது. கரை திடீரென்று தாழ்ந்து கடல் உள்ளே புகுந்ததற்கு அது சாட்சி. அதுவரை அந்தக் கரையில் மாபெரும் நிலநடுக்கம் வரும் என்று உறுதியாகச் சொல்ல யாரிடமும் சான்று இல்லை. இப்போது சான்று கிடைத்துவிட்டது, தேதி கிடைக்கவில்லை. எழுதி வைக்க அங்கே அன்று யாரும் இல்லை. செத்த உயிரின் வயதைக் கணிக்கும் கதிரியக்கக் கார்பன் முறை 1700ஐ ஒட்டிய சில பத்தாண்டுகள் என்பதுவரை கொண்டுவந்து நிறுத்தியது.

மீதி விடை பசிபிக் கடலின் மறுகரையில், ஜப்பானியக் கடலோர ஊர்களின் பழைய பதிவேடுகளில் இருந்தது. 1700ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் கடல் ஏறி வந்ததையும் வீடுகள் அழிந்ததையும் அதிகாரிகளும் வணிகர்களும் குறித்து வைத்திருந்தார்கள். மிஹோ என்ற சிற்றூரின் தலைவர், நிலம் அதிராமலே கடல் இப்படி வந்தது ஏன் என்று புரியாமல் எழுதியிருக்கிறார். 1996இல் நில அதிர்வு ஆய்வாளர் கெஞ்சி சதாக்கேயும் அவருடைய குழுவினரும் இந்தக் குறிப்புகளையும் சுனாமிக் கணக்கீட்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். அலை பெருங்கடலைக் கடக்க எடுக்கும் நேரத்தைக் கழித்தபோது, நிலநடுக்கம் நிகழ்ந்தது அமெரிக்க நேரப்படி 1700 ஜனவரி 26 இரவு சுமார் 9 மணி என்று வந்தது. அளவு 9ஐ ஒட்டியது. மறு ஆண்டே மர வளைய ஆய்வாளர்கள் செத்த சீடர் மரங்களின் வேர்களை அறுத்துப் பார்த்தார்கள். 1699இன் வளையத்தோடு வளர்ச்சி நின்றிருந்தது. குளிர்கால இரவில் நிலம் நடுங்கிக் கடல் ஊரை விழுங்கியதாக அந்தக் கரையின் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கதைகளையும் பிறகு நில அதிர்வு ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவற்றில் பல, மானிடவியலாளர்கள் முன்பே கேட்டு எழுதி வைத்தவை.

இன்று அந்தக் கரையில் பாலம் கட்டுபவரும் பள்ளி கட்டுபவரும் அப்படியொரு நிலநடுக்கம் திரும்ப வரும் என்று கணக்கில் கொண்டே கட்ட வேண்டியிருக்கிறது. லட்சக்கணக்கான உயிர்கள் சம்பந்தப்பட்ட விஷயம். நிலவியல், வேதியியல், தாவரவியல், கணிதம், வரலாறு, மானிடவியல் என்று இத்தனையும் அதற்குத் தேவைப்பட்டன. உங்கள் திட்டப்படி 1970இல் ஒரு குழு உட்கார்ந்து ஆட்குறைப்பு செய்திருந்தால் முதலில் யாரை அனுப்பியிருக்கும்? இருநூறு, முந்நூறு ஆண்டுப் பழைய ஊர்க் கணக்கைப் படிக்கத் தெரிந்தவரைத்தான். நிலநடுக்கத்துக்கு அவரால் என்ன பயன் என்று கேட்டிருந்தால் அவருக்கே பதில் தெரிந்திருக்காது.

முழு எண்களின் இயல்பை ஆராயும் எண் கோட்பாட்டையும் நீங்கள் பட்டியலில் வைத்திருக்கிறீர்கள். 1940இல் ஹார்டி என்ற பெரும் கணித மேதையே எண் கோட்பாட்டால் போருக்கு எந்தப் பயனும் விளையவில்லை என்று எழுதி அதில் ஆறுதல் அடைந்தார். 1977இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் பகா எண்களை வைத்து, பிறர் படிக்க முடியாதபடி செய்தியை மறைத்து அனுப்பும் ஒரு மறைகுறியீட்டு முறையை வடித்தார்கள். அதற்குப் பிறகு வங்கிக்கும் இணையத்துக்கும் ராணுவத்துக்கும் இந்தக் கணிதம் வேண்டியதாகிவிட்டது. துறையின் உச்சியில் இருந்தவருக்கே 37 ஆண்டுகள் முன்னால் தெரியாத ஒன்று, நிதிக்குழுவுக்கு எப்படித் தெரியும்?

பூச்சிச் சிறகு: சில்வண்டின் சிறகில் உள்ள மிக நுண்ணிய கூர்முனைகள் மருந்து எதுவும் இல்லாமல் பாக்டீரியாவைக் கிழித்துக் கொல்வதை 2012இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். உடலுக்குள் பொருத்தும் கருவிகளில் தொற்றைத் தடுக்க அது ஒரு வழி காட்டுகிறது. கூலிக் கணக்கு: பிரான்சின் போன் (Beaune) நகரத்தில் திராட்சை அறுவடைக் கூலி கொடுத்த கணக்குகள் உதவியதால்தான் 1354 முதல் அறுவடைத் தேதிகளை வரிசைப்படுத்த முடிந்தது. வெப்பமான ஆண்டில் அறுவடை முந்தும். தட்பவெப்ப ஆய்வுக்கு அது அறுநூறு ஆண்டுக்கும் மேற்பட்ட தொடர் சான்று.

ஆழம் பற்றிய உங்கள் கவலைக்கு வருகிறேன். எல்லாவற்றிலும் கால் வைக்கும் தனி மனிதருக்கு ஆழம் இருக்காது என்பது சரி. பல்கலைக்கழகம் தனி மனிதர் அல்ல. அங்கே ஒவ்வொருவரும் ஒரு சின்ன இடத்தை வாழ்நாள் முழுக்கத் தோண்டுகிறார்கள். அகலம் நிறுவனத்துக்கு, ஆழம் ஆளுக்கு.

ஆனால் உங்கள் எரிச்சலில் ஒரு பாதி நியாயமானது. அகலம் அறிக்கையில் மட்டும் இருந்தால் போதாது. சி.டி. ஸ்கேனுக்கு வேண்டிய அடிப்படைக் கணிதத்தைக் கணிதவியலாளர் யோஹன் ராடோன் 1917லேயே வெளியிட்டுவிட்டார். 1950களில் கேப் டவுன் மருத்துவமனை ஒன்றில் கதிர்வீச்சுப் பணியை மேற்பார்வை பார்த்த இயற்பியலாளர் ஆலன் கார்மக், அதே கணக்கில் மோதினார். ராடோன் பெயரே தெரியாமல் முதலிலிருந்து தானே போட்டுத் தீர்த்தார். 1963, 1964இல் அவர் வெளியிட்ட கட்டுரைகளையும் அநேகமாக யாரும் சீண்டவில்லை. பொறியாளர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு கருவியைத் தனியே உருவாக்கிய பிறகே எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. இருவருக்கும் 1979இல் நோபல் பரிசு. கணிதம் ஒரு மூலையில், இயற்பியல் ஒரு மூலையில், மருத்துவம் ஒரு மூலையில் என்று இருந்ததால் இழந்த ஆண்டுகளை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. அந்த ஆண்டுகளில் தலைக்குள் கட்டி எங்கே என்று தெரியாமலே எத்தனை பேர் அறுவைக்குப் போயிருப்பார்கள்! அங்கே எந்தத் துறையும் கூடுதலாக இருந்துவிடவில்லை. இருந்த துறைகள் ஒன்றை ஒன்று பார்க்கவில்லை.

தரமற்ற ஆராய்ச்சி இருக்கிறதா என்றால், ஏராளமாக இருக்கிறது. அதற்குப் பணம் போகக் கூடாது என்பதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அது எல்லாத் துறைகளிலும் இருக்கிறது, நீங்கள் வைத்துக்கொள்ளச் சொல்லும் பயனுள்ள துறைகளிலும். வெட்ட வேண்டியதைத் துறையின் பெயரைப் பார்த்து வெட்டாமல், அந்தத் துறையை அறிந்தவர்கள் படித்துப் பார்த்து வெட்டட்டும். கட்டுரைகளை எண்ணி, மேற்கோள்களை எண்ணி, எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்துவது அதற்கு மாற்று ஆகாது. மருத்துவக் கட்டுரை சில மாதங்களில் நூறு பேரால் எடுத்தாளப்படும். கணிதக் கட்டுரைக்குப் பல ஆண்டுகள் ஆகும். வரலாற்றாசிரியர் பத்தாண்டு உழைத்து ஒரு நூல் தருவார். இதழின் தாக்க எண்ணை, அதாவது அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை எடுத்தாளப்படுகின்றன என்ற கணக்கை, வைத்து ஆய்வாளரை எடைபோடாதீர்கள் என்று ஆய்விதழ் ஆசிரியர்களும் பதிப்பாளர்களுமே 2012இல் உருவாக்கிய சான் ஃபிரான்சிஸ்கோ பிரகடனத்தில் கேட்டுக்கொண்டார்கள். இன்னும் பல தேர்வுக்குழுக்கள் அந்த எண்ணைத்தான் முதலில் பார்க்கின்றன.

பயனுள்ள துறையை மட்டும் வைத்துக்கொண்டால் பயன் தானாக வந்துவிடும் என்பதும் நடக்கவில்லை. உயிர்வேதியியலாளர் கேட்டலின் கரிகோ மருத்துவ ஆராய்ச்சியில்தான் இருந்தார். புரதம் செய்யும் குறிப்பை உயிரணுவுக்குள் எடுத்துச்செல்லும் எம்.ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறு பற்றிய ஆய்வுக்கு நிதி கிடைக்கவில்லை என்று 1995இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அவருடைய பதவி இறக்கப்பட்டது. பிறகு நோய் எதிர்ப்பியல் ஆய்வாளர் ட்ரூ வைஸ்மனும் அவரும் சேர்ந்து 2005இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு 2020இல் கோவிட் தடுப்பூசிகளுக்கு வழி திறந்தது. 2023இல் இருவருக்கும் நோபல் பரிசு.

ஒரு துறையை மூடும் கையெழுத்து ஒரு நிமிட வேலை. பழைய எழுத்தைப் படிப்பவர், பூச்சியைப் பார்த்ததும் இனம் சொல்பவர் – இவர்களை உருவாக்க அதைத் தெரிந்த இன்னொருவர் பக்கத்தில் இருந்து பல ஆண்டுகள் சொல்லிக்கொடுக்க வேண்டும். கடைசி ஆள் ஓய்வு பெற்றபின் பணம் ஒதுக்கினாலும் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது.

ஆகவே அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நீங்கள் எழுதுவதானால், எதை மூடப் போகிறீர்கள் என்று கேட்காதீர்கள். வரலாற்று மாணவருக்கு நிலவியல் பேராசிரியர் ஒருவர் இணை வழிகாட்டியாக இருக்க உங்கள் விதியில் இடம் உண்டா என்று கேளுங்கள். வேறு துறையோடு சேர்ந்து செய்த வேலை பதவி உயர்வின்போது முழுதாகக் கணக்கில் வருகிறதா, அரைகுறையாக வருகிறதா என்று கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள், இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறேன்.