மயக்கம் கொடுக்காமல் கர்ப்பப்பையில் சதை எடுத்தால் வலிக்குமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு 46 வயது. தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். இரண்டு பிள்ளைகள், இரண்டுமே சுகப்பிரசவம். எட்டு மாதமாக மாதவிடாய் வந்தால் 10, 12 நாளைக்கு நிற்பதில்லை, கட்டி கட்டியாகவும் போகிறது. ஸ்கேன் பார்த்துவிட்டு கர்ப்பப்பையின் உள்தோல் தடித்திருக்கிறது, அடுத்த கிளினிக்கில் உள்ளே இருந்து கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்க வேண்டும், மயக்கம் தேவையில்லை, பத்து நிமிட வேலைதான் என்றார்கள். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. இரண்டாவது பிள்ளை பிறந்தபோது விறைக்கும் முன்பே தையல் போட்டார்கள், அந்த வலியை நினைத்தால் இன்றைக்கும் கை நடுங்குகிறது. பயமாக இருக்கிறது என்று சொன்னதற்கு, "பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் ஒரு வலியா" என்று அங்கிருந்த ஒருவர் சிரித்தார். மாமியார், பேசாமல் கர்ப்பப்பையையே எடுத்துவிடச் சொல் என்கிறார். போகாமலே இருந்தால் என்ன ஆகும், டாக்டர்?

பதில்: தங்கச்சி, முதலில் அந்தத் தையல் விஷயத்தைப் பேசிவிடுகிறேன். பிரசவத்தில் கிழிந்த இடத்தைத் தைப்பதற்கு முன் விறைப்பு ஊசி போட வேண்டும், போட்ட பிறகு அது வேலை செய்யும் வரை சில நிமிடம் பொறுக்க வேண்டும், தொட்டுப் பார்த்து "தெரிகிறதா" என்று கேட்டுவிட்டுத்தான் தையல் ஊசியைக் கையில் எடுக்க வேண்டும். உங்களுக்கு அப்படிச் செய்யவில்லை. அது உங்கள் பலவீனம் இல்லை, எங்கள் தொழிலில் இருப்பவர்கள் செய்த தவறு, அதற்காக உண்மையிலேயே வருத்தப்படுகிறேன். அப்படி ஒருமுறை நடந்த உடம்பு, அடுத்த தடவை அதே மாதிரி கட்டிலில் கால் மடக்கிப் படுத்ததுமே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும். தசை இறுகும், நெஞ்சு படபடக்கும், சின்ன வலியும் பெரிதாகத் தெரியும். கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

"பிள்ளை பெத்தவளுக்கு இது ஒரு வலியா" என்ற பேச்சை நானும் பல வாட்டுகளில் கேட்டிருக்கிறேன். பயிற்சி முடித்த புதிதில் மலையகத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, இதே பரிசோதனையை ஒரு தோட்டத்து அம்மாவுக்குச் செய்தேன். அவர் ஒரு சத்தம் போடவில்லை. முடித்துவிட்டு "வலிக்கவில்லைதானே அம்மா" என்று கேட்டேன், தலையை ஆட்டினார். அவர் எழுந்து போகும்போதுதான் பார்த்தேன், வாயில் வைத்துக் கடித்திருந்த முந்தானை முழுவதும் நனைந்திருந்தது. சத்தம் வரவில்லை என்றால் வலி இல்லை என்று அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்திக் கேட்காமல் நான் இதைச் செய்வதில்லை.

சரி, வலிக்குமா? வலிக்கும். ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. மாதவிடாய் வயிற்றுவலி கொஞ்சம் கூடுதலாக வந்த மாதிரி இருந்தது என்பவர்கள் நிறையப் பேர். தாங்கவே முடியவில்லை, நிறுத்தச் சொன்னேன் என்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் மிகைப்படுத்தவில்லை. பொதுவாக, சுகப்பிரசவம் ஆகாதவர்கள், மாதவிடாய் நின்றுபோனவர்கள், மாதவிடாயின்போதே கடுமையாக வலிப்பவர்கள், முன்பு ஒரு கசப்பான அனுபவம் உள்ளவர்கள், இவர்களுக்கு வலி அதிகமாக இருக்கக்கூடும். உங்களுக்கு இரண்டு சுகப்பிரசவம் என்பது உதவும், ஏனென்றால் கர்ப்பப்பையின் வாய் சுலபமாக வழிவிடும். பழைய அந்த அனுபவம் எதிர்ப்பக்கம் இழுக்கும். அதனால்தான் உங்கள் விஷயத்தில் முன்கூட்டியே பேசி வைப்பது முக்கியம்.

என்ன நடக்கும் என்று வரிசையாகச் சொல்கிறேன், தெரியாமல் படுத்திருப்பதுதான் பயத்தைக் கூட்டுகிறது. முதலில் ஸ்பெகுலம் என்ற கருவியைப் பிறப்புறுப்பில் வைத்து மெல்ல விரிப்பார்கள். சுகவனிதையர் கிளினிக்கில் பாப் பரிசோதனை (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்காகப் பார்ப்பது) செய்திருந்தால் இது உங்களுக்குப் பழகியதுதான். மலைநாட்டுக் குளிரில் இரும்பு ஸ்பெகுலம் பட்டதுமே உடம்பு இறுகிவிடும், வெந்நீரில் நனைத்துத் தரச் சொல்லிக் கேட்கலாம், சின்ன அளவில் உள்ளதையும் கேட்கலாம். அடுத்து மருந்துத் தண்ணீரால் துடைப்பார்கள், குளிரும், வலிக்காது. சிலருக்கு கர்ப்பப்பை வாயை அசையாமல் பிடிக்க ஒரு கொக்கி போன்ற கருவி தேவைப்படும், அப்போது சுருக்கென்று ஒரு கிள்ளு. பிறகு பிப்பெல் என்ற பிளாஸ்டிக் குழாயை உள்ளே விடுவார்கள். தடிப்பு 3 மில்லிமீட்டர் அளவுதான், போல்பொயிண்ட் பேனைக்குள் மை இருக்குமே அந்தக் குழாய் மாதிரி. அதன் உள்ளே இருக்கும் கம்பியைப் பின்னால் இழுத்தால் உறிஞ்சும், குழாயைச் சுழற்றி முன்னும் பின்னும் நகர்த்தி உள்தோலில் கொஞ்சம் எடுப்பார்கள். அதிகமாக வலிப்பது இந்த இடத்தில்தான், அடிவயிறும் இடுப்பும் சேர்ந்து முறுக்கும். இந்தக் கட்டம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், சில சமயம் போதிய அளவு வரவில்லை என்றால் இன்னொரு தடவை எடுக்க வேண்டியிருக்கும். பத்து நிமிடம் என்று அவர்கள் சொன்னது படுப்பதிலிருந்து எழும்புவது வரைக்கும் சேர்த்து.

வலிக்கு முன்னாடியே செய்யக்கூடியவை இருக்கின்றன, இதை நம் பெண்களுக்கு யாரும் சொல்வதில்லை, அவர்களும் கேட்பதில்லை. வலிக்குப் பிறகு மாத்திரை எடுப்பதைவிட ஒரு மணி நேரத்துக்கு முன்பே எடுப்பது நல்லது. இபுப்ரோஃபென் 400 மில்லிகிராம், சாப்பிட்ட பிறகு. இந்த வகை மாத்திரைகள் கர்ப்பப்பையை முறுக்கவைக்கும் இரசாயனத்தையே குறைக்கின்றன, அதனால் இந்த வலிக்குப் பொருத்தம். ஆனால் வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரக நோய் இருந்தால் இது வேண்டாம், பனடோல் (பரசிட்டமோல்) மாத்திரை 2 எடுங்கள். எதுவானாலும் முதலில் கிளினிக்கில் கேட்டுவிடுங்கள், இரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை ஏதாவது பாவித்தால் அதையும் சொல்லுங்கள். கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டு என்றால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், 46 வயதில் இருக்காது என்று நினைக்காதீர்கள், ஒரு சிறுநீர்ப் பரிசோதனையோடு தெரிந்துவிடும்.

மாத்திரையோடு நிற்க வேண்டியதில்லை. கர்ப்பப்பை வாயைச் சுற்றி விறைப்பு ஊசி போட முடியும். ஊசியே கொஞ்சம் வலிக்கும் என்பதால் எல்லோருக்கும் போடுவதில்லை, ஆனால் உங்களைப் போன்ற ஒருவர் கேட்டால் யோசிக்க வேண்டிய விஷயம் அது. ரொம்பப் பதற்றமாக இருந்தால் முன்கூட்டி ஒரு தடவைக்கு மட்டும் பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரை கொடுக்கலாம், ஆனால் அதைக் குடித்துவிட்டுத் தனியாக பஸ் ஏறி வர முடியாது, யாராவது கூட வர வேண்டும். இவ்வளவும் போதாது என்று உங்களுக்குத் தோன்றினால், ஆபரேஷன் தியேட்டரில் மயக்கம் கொடுத்தே இந்தச் சதையை எடுக்க முடியும். அதற்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டிவரும், இரத்தம் குறைவாக இருந்தால் அதை முதலில் சரிசெய்யச் சொல்வார்கள். ஆனாலும் அது இருக்கிறது, கேட்பது உங்கள் உரிமை. போகாமலே இருந்துவிடுவதைவிட மயக்கத்தோடு செய்துகொள்வது ஆயிரம் மடங்கு நல்லது.

எப்படிக் கேட்பது என்பதுதான் நம்மவர்களுக்குப் பெரிய தடை, தெரியும். கட்டிலில் படுத்த பிறகு சொல்லாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போது, உடுப்போடு இருக்கும்போது சொல்லுங்கள்: "எனக்கு முன்பு விறைக்காமல் தையல் போட்டிருக்கிறார்கள், எனக்குப் பயம், ஒவ்வொன்றும் செய்வதற்கு முன் சொல்லுங்கள், நான் கையைத் தூக்கினால் நிறுத்துங்கள்." வாயில் வராது என்று தோன்றினால் ஒரு தாளில் பிள்ளையிடம் சொல்லி எழுதி வாங்கி, கிளினிக் கொப்பிக்குள் வைத்துக் கொடுங்கள். டாக்டருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம், நம் மலைநாட்டில் அது சகஜம். அப்போது மூன்று சிங்கள வார்த்தை போதும். "மட்ட பயய்" என்றால் எனக்குப் பயம், "ரிதெனவா" என்றால் வலிக்கிறது, "நவத்தன்ன" என்றால் நிறுத்துங்கள். நீங்கள் நிறுத்தச் சொன்னால் நிறுத்தத்தான் வேண்டும், பாதியில் என்றாலும் சரி. பெண் ஊழியர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றும் கேளுங்கள், அவரிடம் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், சும்மா ஏதாவது பேசிக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளைப் பற்றி ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தால் வலியின் பக்கம் போகும் கவனத்தில் பாதி இந்தப் பக்கம் வந்துவிடும், இது நான் கண்ணால் பார்த்தது.

உடம்புக்கு ஒரு பயிற்சி. இன்றிலிருந்து இரவு படுக்கும்போது செய்யுங்கள். மூக்கால் 4 எண்ணும் வரை மூச்சை இழுத்து, சுடச்சுட இருக்கும் தேத்தண்ணியை ஊதி ஆற்றுவீர்களே அதே மாதிரி 6 எண்ணும் வரை வாயால் ஊதுங்கள். ஊதும்போது தாடையைத் தளர்த்துங்கள், பிறகு சிறுநீர் கழிக்க உட்கார்ந்ததும் கீழே விடுவது போல அடிப்பக்கத்தைத் தளர விடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கீழ்ப்பகுதியை மட்டும் தளர்த்துவது கஷ்டம், இரண்டும் சேர்ந்தேதான் இறுகும். பிட்டத்தை மேலே தூக்காமல் கட்டிலில் நன்றாக அழுத்தி வைத்திருங்கள். அந்தக் கொக்கி போடும்போது டாக்டர் "இருமுங்க" என்று சொல்வார், சொல்லாவிட்டால் நீங்களே "நான் இருமட்டுமா" என்று கேளுங்கள், பலமாக ஒரு இருமல் இருமும் அந்த நொடியில் கிள்ளு குறைவாகவே தெரியும்.

இன்னொன்று, வெறும் வயிற்றோடு போகாதீர்கள். மயக்கம் இல்லாத பரிசோதனைக்குப் பட்டினி தேவையே இல்லை. விடியற்காலையில் சாயத்தண்ணியை மட்டும் குடித்துவிட்டு பஸ் ஏறி, கியூவில் நின்று, பத்து மணிக்குக் கட்டிலில் ஏறினால், கர்ப்பப்பை வாயைத் தொட்டதுமே நாடித்துடிப்பு குறைந்து, கண் இருட்டி, வியர்த்துக் கொட்டக்கூடும். ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டே போங்கள். முடிந்ததும் படக்கென்று எழும்பாமல் ஐந்து பத்து நிமிடம் படுத்திருங்கள். (நாள்கணக்கில் இரத்தம் போகிறவர் நீங்கள், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருப்பார்கள். அதைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள், சத்து உடம்பில் சரியாகச் சேராது. தண்ணீரோடு எடுத்து, தேத்தண்ணியை ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.)

போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். 45 வயதுக்கு மேல் மாதவிடாய் முறைமாறிப் போகும்போது உள்தோலை ஒருமுறை எடுத்துப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அனேகமாக வருவது ஹார்மோன் மாற்றத்தால் ஏற்பட்ட தடிப்பு, அல்லது சாதுவான சின்னச் சதை வளர்ச்சி. சிலருக்கு உள்தோல் அணுக்கள் மாறத் தொடங்கியிருக்கும், அந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் சிகிச்சை சுலபம், சிலருக்கு மாத்திரையோ கர்ப்பப்பைக்குள் வைக்கும் மருந்து லூப்போ போதும். கொஞ்சம் பேருக்குப் புற்றுநோய் இருக்கும், ஆரம்பத்தில் தெரிந்தால் அதையும் குணப்படுத்த முடியும். இதில் எது என்று ஸ்கேனில் தெரியாது. மாமியார் சொல்வது போல கர்ப்பப்பையை எடுப்பதாக இருந்தாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எடுக்கக் கூடாது. சாதாரணத் தடிப்புக்குப் பெரிய ஆபரேஷன் தேவையில்லாமல் போகலாம், புற்றுநோய் என்றால் ஆபரேஷனே வேறு மாதிரி செய்ய வேண்டும். அவரிடம் இதை இப்படியே சொல்லுங்கள், அவரும் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார்.

செய்த அன்றைக்கு வேலைக்குப் போகாதீர்கள், அடுத்த நாளும் முடிந்தால் மலையேற வேண்டாம், பாரம் தூக்க வேண்டாம். கிளினிக்கிலேயே லீவுக்குத் துண்டு கேட்டு வாங்கிவிடுங்கள், பிறகு ஒரு நாள் சம்பளப் பெயருக்காகக் கணக்கப்பிள்ளையிடம் நின்று கெஞ்ச வேண்டியிருக்காது. இரண்டு மூன்று நாள் கொஞ்சம் இரத்தம் படும், அதுவரை தாம்பத்தியம் வேண்டாம். காய்ச்சல் வந்தாலோ, நாற்றத்தோடு வெள்ளை போனாலோ, வலி குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைந்தாலோ அடுத்த கிளினிக் திகதிக்காகக் காத்திருக்காதீர்கள். இரவென்றாலும் 1990 என்ற இலக்கத்துக்குக் கோல் எடுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

எடுத்த சதையின் ரிப்போர்ட் வரச் சில வாரம் ஆகலாம். வீட்டுக்குக் கிளம்பும் முன் எந்தத் திகதியில், எந்த அறையில் வாங்க வேண்டும் என்று கொப்பியில் எழுதி வாங்குங்கள். யாரும் கூப்பிடவில்லை, அப்படியென்றால் நல்ல ரிப்போர்ட்தான் என்று இருந்துவிடாதீர்கள். வந்ததும் அதில் உள்ளதை அப்படியே எழுதி எனக்கு அனுப்புங்கள், அர்த்தத்தைத் தமிழில் சொல்கிறேன்.