பெரிய நகரத்து அணியா, சின்ன ஊர் அணியா: வேலைக்குச் சேரும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: விளையாட்டு மேலாண்மை படித்து முடித்திருக்கிறேன். இரண்டு அணிகளின் டிக்கெட் விற்பனைப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. ஒன்று பெருநகரத்து அணி. அதே நகரத்தில் இன்னும் மூன்று பெரிய அணிகள் இருக்கின்றன, ஸ்டேடியமும் வாடகைக்கு எடுத்ததுதான். மற்றது சின்ன ஊர் அணி, அந்த ஊருக்கு அது ஒன்றுதான். சம்பளம் ஏறக்குறைய ஒன்றே. பெரிய ஊர் அணியை மூடவும் மாட்டார்கள், வேறு ஊருக்குக் கொண்டுபோகவும் மாட்டார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பத்து வருடமாவது ஒரே இடத்தில் இருக்க ஆசைப்படுகிறேன். எதை எடுப்பது?

பதில்: உங்களிடம் அப்படிச் சொல்கிறவர்கள் மக்கள்தொகையைப் பார்த்துச் சொல்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆள் கூட இருந்தால் டிக்கெட் வாங்குகிறவர்களும் ஸ்பான்சர்களும் கூட இருப்பார்கள். ஆனால் ஒரு அணி அதே ஊரில் நிற்குமா என்பதை அதைவிட அழுத்தமாகத் தீர்மானிக்கிற விஷயங்கள் மூன்று: லீக் தன் பணத்தை எப்படிப் பங்கு போடுகிறது, ஸ்டேடியம் யார் கையில் எத்தனை வருடத்துக்கு இருக்கிறது, முதலாளியின் பணம் எங்கிருந்து வருகிறது. ஊரின் அளவை நான் நாலாவதாகத்தான் வைப்பேன்.

அமெரிக்காவின் இரண்டாவது பெரிய நகரமான லாஸ் ஏஞ்சல்ஸில் 1995 முதல் 2015 வரை என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணி ஒன்றுகூட இல்லை. 1994 சீசன் முடிந்ததும் ராம்ஸ் அணி செயின்ட் லூயிஸுக்கும் ரெய்டர்ஸ் அணி ஓக்லாந்துக்கும் கிளம்பின. ரசிகர் பஞ்சத்தால் போனார்கள் என்று சொல்ல முடியாது, அவ்வளவு பெரிய ஊரில் அதற்கு வாய்ப்பே இல்லை. அவர்களுக்கு வேண்டிய மாதிரி ஸ்டேடியம் அங்கே அமையவில்லை, வேறு ஊர் அதைத் தரத் தயாராக இருந்தது. அப்புறம் இன்னொன்றும் உண்டு. ஆளில்லாமல் கிடந்த அந்தப் பெரிய சந்தையைக் காட்டியே மற்ற ஊர் முதலாளிகள் தங்கள் நகர நிர்வாகங்களிடம் பேரம் பேச முடிந்தது: எனக்குப் புது ஸ்டேடியம் கட்டித் தா, இல்லாவிட்டால் அங்கே போய்விடுகிறேன் என்று. ஆகவே உங்கள் அணியின் நிலைமையை எடைபோடும்போது உங்கள் ஊரை மட்டும் பார்த்தால் போதாது, அணி இல்லாமல் காத்திருக்கிற ஊர்கள் எவை என்றும் பார்க்க வேண்டும்.

இதற்கு நேர் எதிர்க்கோடியில் இருக்கிறது விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே. ஜனத்தொகை ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். 1919-ல் தொடங்கிய பாக்கர்ஸ் அணி இன்றும் அங்கேதான் இருக்கிறது. 1920-களிலும் 30-களின் தொடக்கத்திலும் என்.எஃப்.எல்.லில் இப்படிப் பல சின்ன ஊர் அணிகள் இருந்தன. ஒன்று மூடப்பட்டது, ஒன்று பெரிய நகரத்துக்குப் போனது என்று ஒவ்வொன்றாகக் கரைந்துவிட்டன. டிகேட்டூர் அணி சிகாகோவுக்குப் போய் பேர்ஸ் ஆனது, போர்ட்ஸ்மவுத் அணி டெட்ராய்ட் போய் லயன்ஸ் ஆனது. பாக்கர்ஸ் மட்டும் எப்படித் தப்பியது? முதல் காரணம் அதற்கு ஒற்றை முதலாளி கிடையாது. 1923-லிருந்து பொதுமக்களுக்குப் பங்கு விற்றிருக்கிறார்கள், இப்போது ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்குதாரர்கள். பங்குக்கு ஈவுத்தொகை இல்லை, லாபம் வைத்து விற்கவும் முடியாது. அணியையே விற்றாலும் அந்தப் பணம் அறக்கட்டளைக்குத்தான் போகும் என்று விதி இருப்பதால், இடம் மாற்றி யாரும் பணக்காரர் ஆக வழியே இல்லை. இரண்டாவது காரணம், அவர்கள் தங்கள் சந்தையை ஊர் எல்லையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 1933 முதல் 1994 வரை சொந்த ஊர் ஆட்டங்களில் சிலவற்றை மில்வாக்கியில் ஆடினார்கள், அதனால் மாநிலம் முழுக்க அது 'நம்ம டீம்' ஆனது. மூன்றாவதுதான் மிகப் பெரியது: 1960-களின் தொடக்கத்திலிருந்து என்.எஃப்.எல். தன் தேசிய ஒளிபரப்புப் பணத்தை எல்லா அணிகளுக்கும் சமமாகப் பிரிக்கிறது. நியூயார்க் அணிக்கு எவ்வளவோ கிரீன் பேக்கும் அவ்வளவு. பாக்கர்ஸ் ஆண்டுதோறும் தன் கணக்கை வெளியிடுகிறது. அண்மை ஆண்டுகளில் இந்தப் பொதுப் பங்கு மட்டுமே 40 கோடி டாலரைத் தாண்டுகிறது.

இங்கேதான் உங்களுக்கான முதல் கேள்வி இருக்கிறது. நீங்கள் சேரப்போகும் அணியின் வருமானத்தில் லீக்கின் பொதுத் தொகுப்பிலிருந்து வருவது எவ்வளவு, அணி தன் ஊரிலேயே சம்பாதித்தாக வேண்டியது எவ்வளவு? பொதுப் பங்கு பெரிதாக இருந்தால் சின்ன ஊர் என்பது பெரிய குறையே இல்லை. ஐ.பி.எல். அணிகளின் நிலையும் கிட்டத்தட்ட இதுதான். 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது, அதில் ஒரு பெரிய பங்கு அணிகளுக்குப் பிரிகிறது, டிக்கெட் வருமானம் அதன் பக்கத்தில் சின்னதுதான். அமெரிக்க பேஸ்பால் வேறு மாதிரி. அங்கே உள்ளூர் தொலைக்காட்சி ஒப்பந்தம் அணிக்கு அணி மலையும் மடுவுமாக வேறுபடும். 2023 மார்ச்சில், பல அணிகளின் ஆட்டங்களை ஒளிபரப்பிவந்த டயமண்ட் ஸ்போர்ட்ஸ் நிறுவனம் திவால் மனு போட்டதும், அதை நம்பி இருந்த அணிகளுக்கு வரவேண்டிய பணமே கேள்விக்குறியானது. பொதுப் பங்கு குறைவான லீக்கில் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் ஊர் அளவைப் பற்றி உங்களிடம் மற்றவர்கள் சொல்வதற்குக் கூடுதல் மதிப்புக் கொடுங்கள்.

சரி, ஊர் மாறாமலேயே கணக்கு மாறும் என்பதற்கு வின்னிபெக்கைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கனடாவின் அந்த ஊரில் ஐஸ் ஹாக்கி என்றால் உயிர். ஆனாலும் 1996-ல் ஜெட்ஸ் அணி அங்கிருந்து அரிசோனாவின் ஃபீனிக்ஸுக்குப் போய்விட்டது. டிக்கெட் பணம் கனடா டாலரில் வருகிறது, வீரர்களுக்குச் சம்பளம் அமெரிக்க டாலரில் போகிறது, அன்றைக்குக் கனடா டாலரின் மதிப்பு அமெரிக்க டாலரில் முக்கால் பங்குக்கும் கீழே, போதாததற்கு என்.ஹெச்.எல். என்ற அந்த ஐஸ் ஹாக்கி லீக்கில் சம்பளத்துக்கு உச்சவரம்பும் கிடையாது, அரங்கமும் பழசு. அதன்பின் 2005-ல் சம்பள உச்சவரம்பு வந்தது, புது அரங்கம் வந்தது, கனடா டாலரும் ஏறியது. 2011-ல் அட்லாண்டாவின் த்ராஷர்ஸ் அணி வின்னிபெக்குக்கே வந்து சேர்ந்தது, 13,000 சீசன் டிக்கெட்டுகள் (சீசன் முழுக்கச் செல்லும் டிக்கெட்) மளமளவென்று விற்றுத் தீர்ந்தன. புறநகர்களையும் சேர்த்தால் அட்லாண்டா வின்னிபெக்கைவிடப் பல மடங்கு பெரியது, அது ஹாக்கி அணியை இழந்தது இது இரண்டாவது முறை. 1980-லும் ஒரு அணி அங்கிருந்து கால்கரிக்குப் போயிருக்கிறது.

அதற்காகச் சின்ன ஊர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே வின்னிபெக்கில் அந்த 13,000 சீசன் டிக்கெட் 2023-24 சீசனில் 10,000-க்கும் கீழே இறங்கியது. லீக்கின் கமிஷனரே ஊருக்கு வந்து பேசும் அளவுக்கு அது கவலையானது. பெரிய ஊரில் நாலாயிரம் பேர் விலகினால் வேறு நாலாயிரம் பேரைத் தேடிப் பிடிக்கலாம், சின்ன ஊரில் அந்த இடத்தை நிரப்ப ஆள் கிடைப்பது கஷ்டம். டிக்கெட் விற்பனையில் இருக்கப்போகிற உங்களுக்கு இது நேரடியாகத் தலையில் விழும் விஷயம் என்பதால் சொல்கிறேன்.

ஊர் எது என்பதைப் போலவே ஊருக்குள் எந்த மூலை என்பதும் முக்கியம். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்துத் தம்பா பே ரேஸ் பேஸ்பால் அணி 2008-லும் 2020-லும் உலகத் தொடர் இறுதிக்குப் போனது, 2021-ல் 100 ஆட்டங்கள் ஜெயித்தது, ஆனால் ஆண்டுக்கு ஆண்டு பார்வையாளர் எண்ணிக்கையில் கடைசி வரிசையில்தான் நின்றது. அவர்களுடைய ஸ்டேடியம் வளைகுடாவின் ஒரு கரையில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறது, அந்த வட்டாரத்து மக்களில் பெரும்பகுதி அக்கரையில். வேலை நாளில் மாலை ஏழு மணி ஆட்டத்துக்கு, அலுவலகம் விட்டு, நெரிசலில் பாலம் தாண்டி யார் போவார்கள்? வருடத்துக்கு 81 ஆட்டம் சொந்த மைதானத்தில் நடக்கிற விளையாட்டில் இது தாங்காது. எட்டோ ஒன்பதோ ஆட்டம், அதுவும் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை நடக்கிற என்.எஃப்.எல். என்றால் ஜனங்கள் எவ்வளவு தூரமும் வண்டி ஓட்டி வருவார்கள். இதையே புரிந்துகொண்டுதான் அட்லாண்டா பிரேவ்ஸ் 2017-ல் நகர மையத்தை விட்டு, தன் டிக்கெட்காரர்கள் அதிகம் வசிக்கிற வடக்குப் புறநகருக்கு மாறியது. உங்கள் இரண்டு அணிகளும் வருடத்துக்கு எத்தனை ஆட்டம் சொந்த மைதானத்தில் ஆடுகின்றன, எந்தக் கிழமைகளில் ஆடுகின்றன, டிக்கெட் வாங்குகிறவர்கள் எங்கே வசிக்கிறார்கள் என்று ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு பாருங்கள்.

இப்போது குத்தகை. ஒரே ஒரு காகிதம்தான் பார்க்க முடியும் என்றால் நான் கேட்பது இதைத்தான். ராம்ஸ் அணியை இழுக்க செயின்ட் லூயிஸ் 1995-ல் போட்ட 30 வருட குத்தகையில் ஒரு ஷரத்து இருந்தது: குறிப்பிட்ட ஆண்டுகளில் அந்த ஸ்டேடியம் லீக்கின் தலைசிறந்த கால்பங்கு ஸ்டேடியங்களுக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அணி வருடத்துக்கு வருடம் என்ற வாடகைக்கு மாறிக்கொள்ளலாம். 30 வருடம் என்று தலைப்பில் பார்த்தவர்கள் நிம்மதியாக இருந்திருப்பார்கள். மற்ற ஊர்களில் புதுப்புது ஸ்டேடியங்கள் எழும்ப எழும்ப இது பின்தங்கியது. 2013-ல் நடுவர் மன்றத் தீர்ப்பு அணிக்குச் சாதகமாக வந்தது, அதன்படி மேம்படுத்த ஏறக்குறைய 70 கோடி டாலர் வேண்டியிருந்தது, நகரம் முடியாது என்றது, 2016-ல் அணி லாஸ் ஏஞ்சல்ஸுக்கே திரும்பிவிட்டது. பிற்பாடு 2021-ல் 79 கோடி டாலர் சமரசத் தொகை செயின்ட் லூயிஸ் தரப்புக்குக் கிடைத்தது, அணி கிடைக்கவில்லை. எதிர்ப்பக்கம் ஓக்லஹோமா சிட்டியைப் பாருங்கள்: 2008-ல் சியாட்டிலிலிருந்து கூடைப்பந்து அணியைப் பெற்ற நடுத்தர ஊர், 2023 டிசம்பரில் அங்கே மக்கள் ஓட்டுப் போட்டு விற்பனை வரிப் பணத்தில் புது அரங்கம் கட்ட ஒப்புக்கொண்டார்கள், பதிலுக்கு அணி புது அரங்கத்தில் 25 வருடம் இருப்பதாகக் கையெழுத்திட்டது. பத்து வருடம் நிம்மதியாக வேலை செய்ய நினைக்கிற ஒருவருக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா?

முதலாளி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சந்தை நன்றாக இருந்தும் முதலாளி தடுமாறினால் அணி போய்விடும். டெக்கான் சார்ஜர்ஸின் ஒப்பந்தம் 2012-ல் ரத்தானது, ஆனால் ஹைதராபாத் சந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, உடனே சன்ரைசர்ஸ் என்ற புது அணி அங்கேயே வந்தது. ஊருக்கு அணி இருந்தது, பழைய அணியின் ஊழியர்களுக்கு அது ஆறுதல் ஆகாது. பல கூட்டாளிகள் சேர்ந்து வாங்கிய கொச்சி டஸ்கர்ஸ் ஒரே சீசனில், 2011-லேயே, வங்கி உத்தரவாதப் பிரச்சினையில் முடிந்தது. ஐரோப்பியக் கால்பந்தில் அணிகள் அபூர்வமாகத்தான் ஊர் மாறும். அங்கே ஆபத்து தரமிறக்கமும் (கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படுவது) கடனும். மான்செஸ்டரின் இரு பெரிய கிளப்களுக்குப் பக்கத்திலேயே இருந்த பரி கிளப், 1885-ல் தொடங்கியது, பணநெருக்கடியால் 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. பக்கத்தில் பெரிய அணிகள் இருக்கும்போது சின்ன அணியின் பிழைப்பு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை உங்கள் 'மூன்று பெரிய அணிகள்' ஊரோடு சேர்த்து யோசியுங்கள்.

ஆக இந்த இரண்டு அணிகளில் எது? நீங்கள் சொன்னதை மட்டும் வைத்துப் பார்த்தால் என் மனம் சின்ன ஊர்ப் பக்கம்தான் சாய்கிறது. ஒரே அணி என்றால் ஊரின் பத்திரிகை, உள்ளூர் கம்பெனிகளின் ஸ்பான்சர் பணம், பள்ளிப் பிள்ளைகளின் ஆசை எல்லாம் அதற்கே. பெருநகர அணியோ மூன்று பேரோடு போட்டிபோட்டு, சொந்தமில்லாத ஸ்டேடியத்தில் ஆடுகிறது. ஆனால் குத்தகையைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஸ்டேடியம் அரசு அல்லது நகராட்சியின் சொத்து என்றால் அந்த ஒப்பந்தம் பெரும்பாலும் பொது ஆவணமாகவே கிடைக்கும். முடியும் வருடத்தை முதலில் பாருங்கள், அப்புறம் முன்கூட்டியே விலகும் ஷரத்து இருக்கிறதா, விலகினால் அணி எவ்வளவு கட்ட வேண்டும் என்று பாருங்கள். நேர்முகத்தில் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களில் எத்தனை சதவீதம் பேர் அடுத்த வருடமும் புதுப்பித்தார்கள் என்று கேட்டாலே, விற்பனைப் பிரிவுக்கு வருகிறவர் என்ற முறையில் அது இயல்பான கேள்விதான், பதில் சொல்லத் தயங்கினால் அதுவே ஒரு தகவல்.

கடைசியாக ஒன்று, இது உங்கள் வேலைக்கு மட்டும் உரியது. வின்னிபெக்கிலிருந்து ஃபீனிக்ஸ் போன அந்த அணி அங்கே 2009-ல் திவால் மனு, 2022-ல் அரங்கத்தை இழந்து 5,000 பேர்கூட உட்கார முடியாத பல்கலைக்கழக அரங்கம், 2023-ல் புது அரங்கத் திட்டத்துக்கு எதிராக மக்கள் ஓட்டு என்று அல்லாடி, 2024-ல் முடிவுக்கு வந்தது. அப்போது சால்ட் லேக் சிட்டியின் புது உரிமையாளருக்குப் போனது வீரர்களும் விளையாட்டுப் பிரிவும்தான், டிக்கெட் விற்பனை போன்ற அலுவலகப் பிரிவுகள் அந்தப் பேரத்தில் சேரவில்லை. எனவே இரண்டு அணிகளில் எதை எடுத்தாலும், அணி விற்கப்பட்டாலோ ஊர் மாறினாலோ எத்தனை மாத முன்னறிவிப்பு, எத்தனை மாதச் சம்பளம், புது ஊருக்குக் கூட்டிப்போவார்களா என்று நியமன ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். சேர்வதற்கு முன்பு கேட்டால்தான் இதற்குப் பேரம் பேசும் பலம் உங்களுக்கு இருக்கும்.